மூக்கின் கணக்கும் மனத்தின் கணக்கும்



காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டால் வெப்பமானியைப் பார்த்து விடை கூறுகின்றோம். நீரிழிவு எவ்வளவு என்று கேட்டால் இரத்தத்தைச் சோதித்து விடை கூறுகின்றோம். துன்பம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டால் என்ன விடை கூறுவது? "அதைச் சொல்லி முடியாது" என்பதே நம்மவர் வழக்கமாகக் கூறும் மறுமொழி. சொல்லி முடியாததைச் சொல்லவைத்து, அதற்கு ஓர் எண்ணையும் இட முடியுமா என்று மருத்துவ உலகம் கடந்த சில தசாப்தங்களாக முயன்று வருகின்றது. அம்முயற்சியின் ஒரு சிறு கிளையை இவ்வாரம் எடுத்துக்கொள்கின்றேன். பொருளின் பெயரைக் கேட்டதும் சிலர் முகத்தைச் சுளிக்கலாம். எனினும் வீட்டார் அனைவரும் ஒன்றாக இருந்து வாசிக்க வேண்டிய பொருளே அது. வாய் நாற்றம் மனிதரின் வாழ்வை எவ்வளவு பாதிக்கின்றது, அப்பாதிப்பை அளப்பது எங்ஙனம் என்பதே இன்றைய விடயம்.

வேறெந்த நோயைப் பற்றியும் பேச நாம் தயங்குவதில்லை. மூட்டுவலியைப் பற்றித் திண்ணையில் அமர்ந்து மணிக்கணக்காகப் பேசுவோம். நீரிழிவைப் பற்றித் திருமண வீட்டுப் பந்தியிலேயே பேசுவோம். வாய் நாற்றத்தைப் பற்றியோ, அதனை உடையவரைத் தவிர மற்றெல்லாரிடமும் பேசுவோம். அவர் அருகே வந்தால் அரை அடி பின்வாங்குவோம், யன்னலோரம் நகர்வோம், அவசர வேலை இருப்பதாகச் சொல்லி விடைபெறுவோம். அவருக்கு ஏதோ புரியும், என்னவென்று புரியாது.

அச்சொல்லின் கதையும் இங்கே நினைக்கத் தக்கது. பண்டைத் தமிழில் நாற்றம் என்பது மணத்துக்கெல்லாம் பொதுப்பெயர். பூவின் நாற்றம் என்று புலவர் பாடினால் அது புகழுரை. காலப்போக்கில் அது தீய மணத்துக்கே உரிய சொல்லாக இறங்கிவிட்டது. மொழிநூலார் இதனை இழிபொருட்பேறு என்பர். இன்று ஒருவரைப் பார்த்து அச்சொல்லைக் கூறினால் அது நோயின் பெயராக அவர் காதில் விழுவதில்லை, வசையாகவே விழுகின்றது. துன்பத்தை அளக்கப் புகுந்த மருத்துவர் கடக்க வேண்டிய முதல் தடை இதுவே.

நாற்றம் பிறக்கும் இடம்

வயிறு கெட்டால் வாய் மணக்கும் என்பது நம் வீடுகளில் வேரூன்றிய நம்பிக்கை. ஆராய்ச்சி காட்டும் வழி வேறு. பெல்ஜியம் நாட்டின் லூவன் பல்கலைக்கழக வைத்தியசாலையில் இதற்கெனவே ஒரு சிகிச்சை நிலையம் அமைந்தது. பல துறை மருத்துவர்கள் ஒன்றுகூடி நோயாளரைப் பார்க்கும் இடம் அது. அங்கு வந்த 2000 பேரைப் பற்றிய ஆய்வினைக் குவிரினென் என்பாரும் அவர்தம் துணைவரும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூற்றுக்கு 76 பேருக்குக் காரணம் வாயிலேயே இருந்தது. அவற்றுள் நாக்கின் மேற்படிவு மட்டும் 43 பேருக்கும், ஈறுநோய் மட்டும் 11 பேருக்கும், இரண்டும் சேர்ந்து 18 பேருக்கும் காரணமாயின. காது, மூக்கு, தொண்டை முதலிய வாய்க்குப் புறம்பான இடங்கள் காரணமாக இருந்தவர்கள் 4 பேர் மாத்திரமே. இன்னும் 16 பேர் உளர். அவர்களைப் பற்றிச் சற்றுப் பின்னர்க் கூறுவேன். இக்கட்டுரையின் உயிர்நிலை அவர்களிடத்திலேயே உள்ளது.

நாக்கின் பின்பகுதி கரடுமுரடானது. அங்குள்ள இடுக்குகளிலும் ஈறுகளுக்கும் பற்களுக்கும் இடைப்பட்ட குழிகளிலும் காற்றுப் புகுவது அரிது. காற்றை வேண்டாத பற்றீரியாக்கள் அங்கே குடியிருந்து, உணவுத் துணுக்குகளிலும் உதிர்ந்த கலங்களிலும் உமிழ்நீரிலும் உள்ள புரதங்களைச் சிதைக்கின்றன. புரதத்தில் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் சில உண்டு. அவை சிதையும்போது அழுகிய முட்டையின் மணமுடைய ஐதரசன் சல்பைட்டும், அதனினும் கொடிய மெதைல் மேர்க்கப்டனும் ஆவியாக வெளிப்படுகின்றன. இவ்வாவிகளே வாய் நாற்றத்தின் தலையாய காரணம் என்பதை நிலைநாட்டியவர்களுள் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் டொன்செடிச் முதன்மையானவர். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் விடியற்காலையில் யாருடைய வாயும் சற்று மணக்கும். நீர் அருந்தா விரத நாளின் பிற்பகலிலும் அவ்வாறே. இவை குறையல்ல, உடலின் இயல்பு.

மூக்கு இடும் எண்

இந்த மணத்தை அளப்பதற்கு மிகப் பழைய கருவி மூக்கே. இன்றும் மருத்துவர் அதனைக் கைவிடவில்லை. பயிற்சி பெற்ற நடுவர் ஒருவர் நோயாளியின் மூச்சை முகர்ந்து 0 முதல் 5 வரை ஓர் எண் இடுவார். மணமே இல்லையாயின் 0. உண்டோ இல்லையோ என்று ஐயுறத்தக்கதாயின் 1. சிறிதாயின் 2, நடுத்தரமாயின் 3, வலிதாயின் 4, பொறுக்க முடியாததாயின் 5. மூக்கை நம்பாதவர்களுக்கு இயந்திரமும் உண்டு. மூச்சிலுள்ள கந்தக ஆவிகளை நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு என்று அது கணக்கிட்டுக் காட்டும். 1990களில் இத்தகைய சிறு கருவிகள் பல் மருத்துவரின் மேசைக்கு வந்து சேர்ந்தன.

நடுவரின் எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் கூறுவன யாவும் மூச்சைப் பற்றியன. அம்மூச்சுக்கு உரியவர் இரவு உறங்குகின்றாரா, கோயில் வீதியில் நண்பரைக் கண்டால் நின்று பேசுகின்றாரா, பிள்ளையை மடியில் இருத்திக் கதை சொல்லுகின்றாரா என்பவற்றை அவை கூறமாட்டா. அதற்கு வேறோர் அளவுகோல் தேவைப்பட்டது.

மனம் இடும் எண்

வாழ்க்கைத் தரம் என்னும் தொடரைக் கேட்டதும் நமக்கு வீடும் வருமானமுமே நினைவுக்கு வருகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 1990களில் அதற்கு வேறு பொருள் வகுத்தது. ஒருவர் தாம் வாழும் பண்பாட்டின் நடுவே, தம் குறிக்கோள்களையும் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் கொண்டு, தம் வாழ்வின் நிலையைத் தாமே எவ்வாறு காண்கின்றார் என்பதே அது. "தாமே" என்பது இங்கே கருத்தூன்றத் தக்கது. மருத்துவர் காண்பது ஒன்றாயிருக்கலாம், அயலவர் காண்பது இன்னொன்றாயிருக்கலாம். இங்கே கேட்கப்படுவது வாழ்பவரின் வாக்குமூலம்.

பல் வைத்தியத் துறையிலும் இக்கருத்து நுழைந்தது. ஸ்லேட், ஸ்பென்சர் என்னும் இருவர் 1994ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் 49 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை அமைத்தனர். வாய் நோயால் ஒருவருக்கு வலி உண்டா, உண்பது சிரமமா, பேசுவது சிரமமா, வெட்கம் உண்டா, தொழில் தடைப்படுகின்றதா என்றெல்லாம் அப்பட்டியல் கேட்டது. மூச்சு மணம் கெட்டிருப்பதாக உணர்ந்ததுண்டா என்பதும் அந்த 49 வினாக்களுள் ஒன்று. நாற்பத்தொன்பதைக் கேட்டு முடிக்க நேரம் செல்லும் அன்றோ? ஆகவே 1997இல் ஸ்லேட் அதனை 14 ஆகச் சுருக்கினார். சுருங்கிய பட்டியலே உலகெங்கும் பரவிற்று. இலங்கை முதியோருக்குப் பொருந்துமா என்று சோதிக்கப்பட்ட அதன் சிங்கள வடிவம் 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆயினும் 49இலிருந்து 14 ஆனபோது உதிர்ந்துபோன வினாக்களுள் மூச்சு மணத்தைப் பற்றிய வினாவும் ஒன்றாயிற்று. பல்வலிக்காரர் தம் துன்பத்தைப் பதிய அதில் இடமுண்டு; வாய் நாற்றத்தால் வருந்துவோர் தம் வருத்தத்தைப் பெயர் சொல்லிப் பதிய இடமில்லை.

அக்குறையை நிரப்ப 2011ஆம் ஆண்டில் வேறொரு பட்டியல் வந்தது. கிஷ்னர், சூ, கிரெஸ்பி என்னும் நியூயோர்க் நகரத்து ஆய்வாளர் மூவர் அதனை அமைத்தனர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதனை ஹால்ட் என்பர். படைவீரரை "நில்" என்று பணிக்கும் கட்டளைச் சொல்லும் அதுவே. வினாக்கள் 20. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை எண் இடலாம். துன்பம் சிறிதும் இல்லையாயின் 0; இதற்குமேல் துன்பம் இல்லை என்னும் அளவினதாயின் 5. ஆகவே முழுத் தொகை 100. பேசும்போது வாயை மூடிக்கொள்ள நேர்கின்றதா, பிறருடன் பேசுவதைத் தவிர்க்கின்றீரா, பிறர் உம்மைத் தவிர்க்கின்றனரா, இதனை எண்ணி மனம் கலங்குகின்றதா என்னும் வகையைச் சார்ந்தன அவ்வினாக்கள்.

மூக்கின் ஏணிக்கும் மனத்தின் ஏணிக்கும் படிகள் ஒத்தன என்பதை மாணவர்கள் கவனித்திருப்பர். அங்கும் 0 முதல் 5. இங்கும் 0 முதல் 5. ஆயின் ஓர் ஏணியில் மூன்றாம் படியில் நிற்பவர் மற்றோர் ஏணியிலும் மூன்றாம் படியில்தான் நிற்பார் என்று எண்ணுதல் தவறு.

பொருந்தாத இரு கணக்குகள்

இஸ்ரேல் நாட்டில் டெல் அவீவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெல் ரோசன்பேர்க்கும் துணைவரும் 1995ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தம் வாய் எவ்வளவு மணக்கின்றது என்று மக்களையே எண் இடச் செய்தனர். அவர்களை நடுவரும் முகர்ந்து எண் இட்டார். வாய் முழுவதற்கும் அவர்கள் தமக்குத் தாமே இட்ட எண் நடுவரின் எண்ணோடு பொருந்தவில்லை. நம் மூக்கு இடையறாது நம்மோடிருக்கும் மணத்துக்குப் பழகிப்போகின்றது. மீன் சந்தையில் நாள் முழுதும் நிற்பவருக்கு மீன் மணம் தெரியாததுபோல, தம் வாய் மணம் தமக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தை மனம் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கின்றது. துணிவுள்ளவர் மணம் இல்லை என்று கொள்வர். அஞ்சியவர் இருக்கின்றது என்றே கொள்வர்.

இப்பொழுது அந்த 16 பேரிடம் வருவோம். லூவன் நிலையத்தை நாடிய நூறு பேருள் 16 பேரின் மூச்சில் அவர்கள் முறையிட்ட நாற்றம் காணப்படவில்லை. யேகாக்கி, கொயில் என்னும் இருவர் 2000ஆம் ஆண்டில் வாய் நாற்றத்தை மூவகையாக வகுத்துரைத்தனர். நாற்றம் உண்மையாகவே உள்ளது ஒருவகை. நாற்றம் இல்லாதிருந்தும் உண்டென்று வருந்துவதும், சோதித்து விளக்கினால் தெளிவதும் இரண்டாம் வகை. சிகிச்சைக்குப் பின்னும், எத்துணை விளக்கினும், உண்டென்ற அச்சம் அகலாதது மூன்றாம் வகை. இவ்வச்சத்துக்கு யப்பானில் நெடுங்காலமாகவே தனிப்பெயர் உண்டு. தம் உடல் மணத்தால் பிறருக்கு இடர் விளைகின்றதென்று அஞ்சுவதையே தனி மனநோயாக உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு ஏற்றுக்கொண்டுள்ளது. அப்பதிப்பு 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற ஒரு மாணவன் நினைவுக்கு வருகின்றான். பெயரும் ஊரும் வேண்டாம். செய்யுளைப் பிழையின்றி ஓதும் குரல்வளம் அவனுக்கு இருந்தது. உயர்வகுப்புக்கு வந்த சில மாதங்களில் அவன் வாய் திறப்பதையே விட்டுவிட்டான். எழுந்து விடை கூறச் சொன்னால் கைக்குட்டையை உதட்டருகே பிடித்தபடி இரண்டு சொல் கூறி அமர்ந்துவிடுவான். பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பின்னர்த் தானே வந்து அதனை நீக்கிக்கொண்டான். தாயார் அவனைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பல்லும் ஈறும் நல்ல நிலையில் இருந்தன; நாற்றமும் இல்லை. நடந்தது என்னவென்று பின்னரே தெரியவந்தது. சைக்கிளில் கூடவரும் தோழன் ஒருவன் ஏதோ ஒரு நாள் விளையாட்டாகத் தன் மூக்கைப் பொத்திக் காட்டியிருக்கின்றான். காட்டியவன் அதனை அன்று மாலையே மறந்திருப்பான். கண்டவனோ ஓராண்டுக்கு மேலாக அதனைச் சுமந்தான்.

அவனுக்கு மூக்கின் ஏணியில் 0. மனத்தின் ஏணியில் எத்தனை என்று அக்காலத்தில் யாரும் கேட்டாரில்லை. "ஒன்றுமில்லை, போய் வா" என்று ஒருமுறை சொன்னது போதவுமில்லை. அந்த மருத்துவர் பொறுமை மிக்கவர். அவனை மீண்டும் இருமுறை வரவழைத்து, தாயார் முன்னிலையில் சோதித்துக் காட்டி, அவன் அஞ்சியதையெல்லாம் சொல்லவைத்துக் கேட்டார். அதன்பின்னரே கைக்குட்டை கீழே இறங்கியது. நாற்றம் இல்லை என்னும் எண்ணை மட்டும் கொண்டு அவனை நலமுள்ளவன் என்று அனுப்பியிருந்தால், அவன் துன்பம் எந்த ஏட்டிலும் ஏறாமலே போயிருக்கும்.

இதற்கு நேர் எதிரானவரையும் நாம் அறிவோம். அவர் குடும்பத்துக்கு மூத்தவர், அன்பு மிக்கவர், யாரைக் கண்டாலும் தோளில் கைபோட்டு முகத்தருகே வந்து பேசுவார். ஈறுகள் நோயுற்று நாளாயிற்று. மூக்கின் ஏணியில் 4இல் நிற்பார். மனத்தின் ஏணியில் அவருக்குத் துன்பம் 0. துன்பமெல்லாம் அவரைச் சுற்றியிருப்பவருக்கே. பேரப்பிள்ளைகள் மெல்ல நழுவுவதன் காரணம் தெரியாமல், "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியோரிடம் பற்றில்லை" என்று அவர் நொந்துகொள்வார். இரு கணக்கையும் பார்த்தாலன்றி இவ்விருவரையும் நாம் அறிந்துகொள்ள முடியாது.

வினாப் பட்டியலை நம்பலாமா?

மாணவர்கள் ஓர் ஐயத்தை எழுப்பக்கூடும். மனத்தில் தோன்றிய எண்ணை ஒருவர் எழுதிவிட்டால் அது அளவை ஆகிவிடுமா? நியாயமான வினா. நல்ல அளவுகோலுக்குச் சில இலக்கணங்கள் உண்டு. நிலைமை மாறாதிருக்க, இன்று கேட்டாலும் அடுத்த வாரம் கேட்டாலும் விடை பெரும்பாலும் ஒன்றாக வரவேண்டும். ஒரு பட்டியலின் வினாக்கள் யாவும் ஒரே துன்பத்தின் பல பக்கங்களைக் கேட்பனவாக இருக்க வேண்டும். சிகிச்சையால் ஒருவர் குணமடைந்தால் எண் குறைய வேண்டும்; குறையாவிடின் அந்தக் கோல் அசையாத முள்ளுடைய தராசு போன்றது.

மொழிபெயர்ப்பு இன்னொரு தடை. இவ்விடத்தில் தமிழருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் 100 வினாக் கொண்ட பொதுப் பட்டியலை அமைத்தபோது, ஒரு மொழியில் எழுதி மற்றவற்றில் பெயர்த்துக்கொள்ளும் வழக்கமான முறையைப் பின்பற்றவில்லை. உலகின் 15 நிலையங்களில் ஒரே காலத்தில் அப்பணி நடந்தது. அவற்றுள் சென்னையும் ஒன்று. "சிறிதும் இல்லை" என்பதற்கும் "மிக மிக அதிகம்" என்பதற்கும் இடையே காற்பங்கு, அரைப்பங்கு, முக்காற்பங்கு என்னும் அளவுகளை அந்தந்த மொழி பேசுவோர் எச்சொல்லால் உணர்கின்றனர் என்று ஒவ்வொரு நிலையமும் மக்களிடமே கேட்டுத் தேர்ந்தது. "கொஞ்சம்", "ஓரளவு", "பெரும்பாலும்" என நாம் எண்ணாமற் பேசும் சொற்களுக்கெல்லாம் அளவு உண்டு என்பது மொழி பயில்வோர் சிந்திக்கத் தக்கது.

வாய் நாற்றத்தைத் தமிழில் வினவுவோர் இவ்விழிப்பை மும்மடங்காகக் கொள்ள வேண்டும். "உமது வாய் நாறுகின்றதா?" என்று கேட்டால் விடைக்குப் பதிலாகக் கோபமே வரும். மேலும், நம்மிடையே பலர் பிறர்முன் தம் துன்பத்தைக் குறைத்துக் கூறுவதையே மரியாதை எனக் கருதுவர். திருமணப் பேச்சு நடக்கும் வீட்டில் ஒரு பெண்பிள்ளை 5 என்று எழுத நினைத்து 1 என்று எழுதலாம். அருகில் மாமி நின்றால் 0 என்றே எழுதலாம். ஆகவே இத்தகைய பட்டியலை ஒருவர் தனித்திருந்து, தம் கையால் நிரப்புதல் வேண்டும்.

அஞ்சவைக்கும் வினாவும் ஆற்றும் வினாவும்

வாய் நாற்றத்தைப் பற்றி மக்களை வினவியவர்கள் மருத்துவர் மாத்திரமல்லர். அவர்களுக்கு முன்பே வியாபாரிகள் வினவினர். லிஸ்டரின் என்னும் நீர்மருந்து அமெரிக்காவில் 1879ஆம் ஆண்டில் கிருமிநாசினியாகத் தோன்றியது. சத்திரவைத்தியர் ஜோசப் லிஸ்டரின் பெயரைத் தாங்கியது. 1920களில் அதன் விற்பனையாளர் மருத்துவ ஏட்டில் அருகிக் கிடந்த ஹலிடோசிஸ் என்னும் சொல்லை எடுத்து விளம்பரங்களில் பெரிய எழுத்தில் அச்சிட்டனர். தோழியர் ஒவ்வொருவராக மணம் புரிந்து செல்ல, தான் மட்டும் மணமகளின் தோழியாகவே நின்றுவிட்ட ஒரு பெண்ணின் கதையை அவ்விளம்பரங்களில் ஒன்று கூறிற்று. அவள் குறையை நெருங்கிய தோழியும் கூறமாட்டாள் என்று அவளைப் போன்றோரை அச்சுறுத்திற்று. விற்பனை மிகப் பெருகியது.

வியாபாரியின் வினாவும் மருத்துவரின் வினாவும் கேட்பதற்கு ஒன்றுபோலவே இருக்கலாம். "பிறர் உம்மைத் தவிர்க்கின்றனரா?" என்றே இருவரும் கேட்பர். முன்னவர் கேட்டுவிட்டுப் போத்தலை நீட்டுவார். பின்னவர் கேட்டுவிட்டு வாயைத் திறந்து பார்ப்பார், காரணத்தைத் தேடுவார், சில வாரம் கழித்து அதே வினாவை மீண்டும் கேட்டு எண் குறைந்ததா என்று நோக்குவார். இக்காலத்தில் கைத்தொலைபேசியில் வந்து விழும் விளம்பரங்களைக் காணும் இளைஞர் இவ்வேற்றுமையை மனத்திற் கொள்வாராக.

வீட்டில் செய்யத் தக்கது

நம் பாட்டன்மார் காலையில் வேப்பங்குச்சியால் பல் துலக்கித் தென்னோலை ஈர்க்கைப் பிளந்து நாக்கை வழித்தனர். லூவன் கணக்கில் நாக்கின் படிவே முதலிடம் பெற்றதை நினைத்தால் அவ்வழக்கத்தின் பொருத்தம் விளங்கும். பல் துரிகையால் நாக்கைத் தேய்ப்பதைவிட நாவழிப்பது கந்தக ஆவிகளைச் சிறிதளவு மிகுதியாகக் குறைக்கின்றது என்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பும் கண்டது. ஆயின் அப்பயன் நெடுநேரம் நிற்பதில்லை. ஈறு நோயுற்றிருந்தால் நாவழிப்பது மட்டும் போதாது. பல் மருத்துவரிடம் சென்று பற்களின் காறையை அகற்றுவித்தல் வேண்டும். சிறு குழந்தையின் ஒரு நாசியிலிருந்து மட்டும் துர்நாற்றம் வீசினால், மணியோ விதையோ மூக்கினுள் சிக்கியிருக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் காட்டுக.

வெற்றிலை பாக்குப் போட்டு வாய் மணத்தை மறைக்க எண்ணுவோருக்கு ஓர் எச்சரிக்கை. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியில், பாக்கு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வகுத்துள்ளது. புகையிலை சேராத வெற்றிலைத் தாம்பூலமும் அப்பட்டியலில் அடங்கும். சிறிய துன்பத்தை மறைக்கப் பெரிய துன்பத்தை விலைக்கு வாங்குதல் அறிவுடைமை ஆகாது.

யார் சொல்வது, எவ்வாறு சொல்வது என்பதே பல குடும்பங்களைத் தடுமாறச் செய்யும் வினா. விருந்தோம்பலைப் பேசும் இடத்தில் வள்ளுவர் அனிச்ச மலரைத் துணைக்கழைப்பதை மாணவர் அறிவர். அம்மலர் வாடுவது முகர்வதால். விருந்தினர் வாடுவது எதிரே நிற்பவர் முகம் வேறுபடுவதால். வாய் நாற்றமுடையவரை வாட்டுவதும் அந்த முக வேறுபாடே. முகத்தால் பலகாலும் சொல்லி வதைப்பதிலும் வாயால் ஒருமுறை சொல்லி உதவுவது மேலானது. தாய் மகனுக்கும், மனைவி கணவனுக்கும், கணவன் மனைவிக்கும், அக்காள் தங்கைக்கும் தனிமையில் சொல்லலாம். "உங்கள் ஈறுகளை ஒருக்கால் காட்டினால் நல்லது, நானும் கூட வருகிறேன்" என்று பரிகாரத்தோடு சேர்த்துச் சொல்லலாம். பலர் நடுவில் சொல்வதையும், மூன்றாம் ஆளிடம் சொல்லியனுப்புவதையும் தவிர்த்தல் வேண்டும்.

நாற்றம் இல்லாதவரே "எனக்கு உண்டு" என்று வந்து வருந்தினால், சிரித்து ஒதுக்காதீர்கள். "உனக்கு வீண் பிரமை" என்னும் சொல் அவரை இன்னும் தனிமையில் தள்ளும். மருத்துவரிடம் அழைத்துச் சென்று சோதித்து, கண்டதை அவருக்கு விளங்க உரைக்கச் செய்யுங்கள். அதன்பின்னும் அச்சம் தீராவிடின் உளமருத்துவரை நாடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பறையில் மூக்கைப் பொத்திக் காட்டுவது நொடிப்பொழுதின் விளையாட்டு. நண்பன் ஒருவன் பேச்சைக் குறைத்துவிட்டான், கடைசி வாங்கிற்குச் சென்றுவிட்டான், பேசும்போது வாயைக் கையால் மறைக்கின்றான் என்று கண்டால், அவனருகே சென்று அமருங்கள். என்ன நடந்ததென்று கேளுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை எழுந்து செல்லாதிருங்கள்.